டர்பனில் உட்கார்ந்து ஃபிளமெங்கோ கிட்டார்: இணையத்தில் கற்பவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

முதல் பாடத்துக்கு முந்தின ராத்திரி புதுக் கம்பி மாட்டி, சுருதி சேர்த்து, நகத்தை உரசித் தயாராக வைத்திருந்தேன். மறுநாள் மாலை ஸ்பெயினின் ஹெரேஸ் ஊரிலிருந்து ஆசிரியர் திரையில் வந்தார். மடியில் இருந்த கிட்டாரைப் பார்த்தார். "அதைக் கீழே வையுங்கள்" என்றார். அந்த 45 நிமிஷமும் கைதான் தட்டினோம். அடுத்த வாரமும் அதேதான். தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியில் உள்ள வீட்டின் சமையலறை மேசையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு நான் தட்டுவதைப் பார்த்த என் மனைவி, "இதுக்கா யூரோவுல காசு அனுப்பினீங்க?" என்று கேட்டுவிட்டுக் குக்கரை இறக்கப் போனாள்.

இதுக்குத்தான் என்று இப்போது சொல்வேன். மூன்று வருஷம் இணையத்திலேயே கற்றதில் தெரிந்துகொண்டது இது. விரல் வித்தையை வீடியோ பார்த்து ஓரளவு பிடித்துவிடலாம். தாளத்தைப் பிடிக்க முடியாது, அது வாயிலும் உள்ளங்கையிலும் முதலில் ஏற வேண்டும். பெரும்பாலான இணையப் பாடங்கள் விரலில் தொடங்குகின்றன. நாம் வேறு பக்கத்திலிருந்து தொடங்குவோம்.

தாளம்: கிட்டாரைத் தொடாத இரண்டு வாரம்

ஸ்பெயினின் தெற்கில் வளர்ந்த ஃபிளமெங்கோ இசையில் தாளச் சுற்றுக்குக் கொம்பாஸ் என்று பெயர். அதிலுள்ள பாட்டு வகைகளைப் பாலோ என்பார்கள். சொலெயா, அலெக்ரியாஸ், புலெரியாஸ் என்ற மூன்று பெரிய பாலோக்களும் 12 எண்ணிக்கைச் சுற்றில் ஓடுபவை. அழுத்தம் விழும் இடங்கள் 12, 3, 6, 8, 10.

இந்த ஐந்து எண்ணைப் பார்த்துத்தான் மேற்கத்திய மாணவர்கள் மாதக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். மிருதங்கச் சொற்கட்டு கேட்டு வளர்ந்த நமக்கு இது ஒரு வரி:

தகிட தகிட தக தக தக

12இல் தொடங்கிச் சொல்லிப் பாருங்கள். முதல் தகிட 12, 1, 2. அடுத்த தகிட 3, 4, 5. பிறகு மூன்று தக: 6-7, 8-9, 10-11. ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தில் மட்டும் பலமாகத் தட்டினால் கொம்பாஸ் கையில் வந்துவிட்டது. மூன்று மூன்றாக இரண்டு, இரண்டு இரண்டாக மூன்று, அவ்வளவுதான் கணக்கு.

நம்மவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. நம் முடிப்புக் கணக்குகளான கோர்வையும் தீர்மானமும் சமத்தில் (தாளத்தின் முதல் அடியில்) அல்லது எடுப்பில் (பாட்டு தொடங்கும் இடத்தில்) வந்து விழும். சுற்று முடிந்து அடுத்த சுற்றின் தொடக்கத்தில்தான் நமக்கு நிம்மதி. ஃபிளமெங்கோவில் வாக்கியம் 10இல் முடிகிறது. 11, 12 மூச்சு விடும் இடம். நான் முதல் மாதம் முழுக்க 10ஐத் தாண்டி ஓடி, அடுத்த சுற்றின் தலையில் போய் இடித்துக்கொண்டே இருந்தேன். "வீட்டு வாசலைத் தாண்டிப் போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுகிறீர்கள்" என்றார் ஆசிரியர்.

இன்னொரு குழப்பத்தையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஸ்பெயின்காரர்கள் எண்ணும்போது 10க்குப் பிறகு 11, 12 என்று சொல்லாமல் பெரும்பாலும் மறுபடி "ஊன், தோஸ்" (ஒன்று, இரண்டு) என்று சொல்லிவிட்டு, உடனே புதுச் சுற்றின் "ஊன், தோஸ், த்ரெஸ்" என்று போவார்கள். 11, 12இன் ஸ்பானிஷ் பெயர்கள் ஓரசையில் இல்லாததால் வேகத்தில் நாக்குக்கு இடைஞ்சல். ஒன்று, இரண்டு இரண்டு முறை வருகிறதே, நம் காதில்தான் கோளாறோ என்று பயப்பட வேண்டாம்.

பயிற்சி இப்படி. மெட்ரோனோமை (சீராக அடி தட்டும் கருவி) நிமிஷத்துக்கு 80 அடியில் வையுங்கள். முதல் நான்கு நாள் வாயால் சொற்கட்டு, கையால் அழுத்தம். அடுத்த நான்கு நாள் சொற்கட்டுக்குப் பதில் எண்கள். அதன்பின் வாயை மூடிக்கொண்டு அழுத்தத்தை மட்டும் தட்டுங்கள், பாதம் சீராக அடி போட்டுக்கொண்டே இருக்கட்டும். பாத்திரம் கழுவும்போதும் ஹிக்கின்சன் நெடுஞ்சாலையில் வண்டி நகராமல் நிற்கும்போதும் செய்யலாம், நான் செய்தேன். கைதட்டலுக்கும் இரண்டு வகை உண்டு. உள்ளங்கையைக் குழித்து மந்தமாகத் தட்டுவது சோர்தாஸ், விரல்களை உள்ளங்கையில் அறைந்து பளீரென்று தட்டுவது கிளாராஸ். பாடகர் பாடும்போது முதல் வகைதான் மரியாதை.

இது ஊறிய பிறகு செகிரியாவைப் பாருங்கள். அதே 12தான், ஆனால் 8இல் தொடங்கும்: தக தக தகிட தகிட தக. ஒரே மாலையை வேறு பூவிலிருந்து எண்ணுவது போல. ஆறு மாதத்துக்கு வாசிக்க வேண்டாம், கேட்டால் போதும்.

இந்தத் தொடர்பு நான் வலிந்து கட்டியது இல்லை. ஆங்கிலேய ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின் 70களில் சக்தி குழுவில் விக்கு விநாயக்ராமின் கடத்தோடு வாசித்தவர். கொஞ்ச காலத்திலேயே அவர் ஃபிளமெங்கோ கிட்டார் மேதை பாகோ தெ லூசியாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தும் வாசித்தார்.

கருவி

தொடங்குவதற்கு நைலான் கம்பி போட்ட கிட்டார் எதுவும் போதும். இரும்புக் கம்பி வேண்டாம், நகமும் போகும், ஒலியும் சேராது. வீட்டில் தூசி படிந்து கிடக்கும் யமஹா சி40 கூட முதல் ஆறு மாதத்தைத் தாங்கும்.

தனி ஃபிளமெங்கோ கிட்டார் வாங்கும்போது மூன்றைப் பாருங்கள். முதலாவது மரம். முதுகும் பக்கமும் சைப்ரஸ் மரமானால் பிளாங்கா (வெள்ளை), ரோஸ்வுட் ஆனால் நெக்ரா (கறுப்பு). பிளாங்கா எடை குறைவு, ஒலி சட்டென்று வெடித்து அடங்கும். ஆட்டத்துக்கு வாசிக்க அதுதான் பழைய தேர்வு. இரண்டாவது கம்பியின் உயரம். பன்னிரண்டாவது ஃபிரெட்டில் (கிட்டார் கழுத்தில் பதித்த உலோகக் கட்டு) ஆறாவது கம்பி ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் உயரத்தில் இருந்தால் நல்லது. கிளாசிக்கல் கிட்டாரில் இது 4 வரை போகும். தாழ்வாக இருப்பதால் கம்பி லேசாகக் கரகரக்கும். அது குறையில்லை, அந்தக் கரகரப்பில்தான் இந்த இசையின் நெடி இருக்கிறது.

மூன்றாவது கோல்பெயதோர், அதாவது முகப்பில் ஒட்டிய பிளாஸ்டிக் தகடு. மோதிர விரல் நகத்தால் பலகையைத் தட்டும் கோல்பே இந்த வாசிப்பில் அடிக்கடி வரும். தகடு இல்லாமல் நான் இரண்டு மாதம் தட்டியதில் என் பழைய கிட்டாரின் முகப்பில் வார்னிஷ் போய், காக்கை கொத்தின மாதிரி மரம் தெரிந்தது. ஒளி ஊடுருவும் தகடு தனியாகவே கிடைக்கிறது, முதல் வாரமே ஒட்டிவிடுங்கள்.

கடையில் எளிதாகக் கண்ணில் படுபவற்றில் யமஹா சிஜி182எஸ்எஃப் நல்ல தொடக்கம். கேப்போ (கழுத்தில் மாட்டிக் கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) ஒன்றும் வாங்குங்கள். இரண்டாவது ஃபிரெட்டில் போட்டால் இடக்கைக்கு நீட்டம் குறையும், ஒலியும் பளிச்சென்று வரும். அதைத் தொடக்கக்காரரின் ஊன்றுகோல் என்று கிளாசிக்கல்காரர்கள் கேலி செய்வார்கள். ஃபிளமெங்கோவில் பெரிய வித்வான்களும் கழற்றுவதில்லை.

நம் ஊர் ஈரம் தனி விஷயம். கிட்டார் மரத்துக்கு 45 முதல் 55 சதவீத ஈரப்பதம் சுகம். டர்பன் கோடையில் அது எங்கோ மேலே நிற்கும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போட்டு மூடியே வைத்திருங்கள். ஜோஹானஸ்பர்க் பக்கம் இருப்பவர்களுக்கு நேர் எதிர். அந்த ஹைவெல்ட் மேட்டுநிலத்தின் வறண்ட குளிர்காலக் காற்று மரத்தைப் பிளந்துவிடும். ஓட்டை போட்ட சோப்பு டப்பாவில் ஈரமான ஸ்பாஞ்சை வைத்துப் பெட்டிக்குள் போடுங்கள். பத்து ரேண்டு செலவுகூட ஆகாது.

பாடத்தைத் தேர்ந்தெடுப்பது

இணையத்தில் மூன்று வகை உண்டு. மாதச் சந்தா கட்டிப் பார்க்கும் பதிவுப் பாடங்கள், திரையில் நேருக்கு நேர் நடக்கும் பாடம், நாம் வீடியோ அனுப்பினால் ஆசிரியர் திருத்தி வீடியோ அனுப்பும் முறை. நேரடிப் பாடம் வாரா வாரம் எடுத்தால் ரேண்டை யூரோவாக மாற்றியே நொடித்துப் போவீர்கள். பதிவுப் பாடம் மட்டும் என்றால் தப்பு தெரியாமலே ஊறிவிடும். பதிவுப் பாடத்தைத் தினசரிக்கு வைத்துக்கொண்டு, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அரை மணி நேரடிப் பாடம் எடுப்பதே என் சிபாரிசு.

ஆசிரியரை எப்படி எடை போடுவது? இலவசமாக வைத்திருக்கும் முதல் பாடத்தைப் பாருங்கள். கொம்பாஸைப் பற்றிப் பேசாமல் நேராக ஒரு வேகமான மெட்டுக்குள் பாய்ந்தால் நகர்ந்துவிடுங்கள். வலக்கையை முன்னாலிருந்தும் மேலிருந்தும் இரண்டு கோணத்தில் காட்டுகிறாரா, மெதுவாக வாசிக்கும்போதும் கால் தாளம் போடுகிறதா, பாட்டைப் பற்றிப் பேசுகிறாரா என்று கவனியுங்கள். ஒஸ்கார் எரேரோ படிப்படியான வீடியோ பாடங்களுக்கே பெயர் பெற்றவர். மொழி புரியாவிட்டாலும் அவர் கையைப் பார்த்தால், நல்ல பாடம் எப்படி அடுக்கப்படும் என்று விளங்கும்.

கேமரா, கரண்ட், கடிகாரம்

நேரம் நமக்குச் சாதகம். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை ஸ்பெயினும் தென்னாப்பிரிக்காவும் ஒரே மணியில் ஓடுகின்றன. மற்ற மாதங்களில் அவர்கள் நமக்கு ஒரு மணி நேரம் பின்னால். அமெரிக்காவில் இருக்கும் என் தம்பி விடிகாலை ஐந்து மணிக்கு எழுந்து பாடம் எடுக்கிறான். நாம் சாயங்காலம் டீ குடித்துவிட்டு உட்காரலாம். மணி மாறும் அந்த இரண்டு ஞாயிறுகளை ஒட்டி மட்டும் மணியை மறுபடி கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். நான் ஒரு மணி நேரம் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

2023இல் லோட் ஷெடிங் உச்சத்தில் இருந்தபோது சரியாகப் பாட நேரத்தில் கரண்ட் போகும். ரௌட்டருக்கு மட்டும் ஒரு சின்ன யுபிஎஸ் வாங்கி வைத்ததில் பாடம் தப்பியது. இப்போது நிலைமை தேவலை. ஆனாலும் அதைக் கழற்றி எறிந்துவிட மாட்டேன். மொபைல் டேட்டாவில் ஓட்டுபவர்கள், நள்ளிரவுக்குப் பிறகு செல்லும் மலிவான டேட்டாவில் பதிவுப் பாடங்களை இறக்கி வைத்துக்கொள்ளலாம்.

கேமராவை முகத்துக்கு வைக்காதீர்கள். வலக்கை மணிக்கட்டும் கிட்டாரின் வாயும் முழுசாகத் தெரிய வேண்டும். முகம் பாதி வெட்டுப்பட்டால் பரவாயில்லை. ஜூம் போன்ற செயலிகள் பேச்சைத் தவிர மற்றதைச் சத்தம் என்று நினைத்து அமுக்கிவிடும். ரஸ்கெயாதோவை (விரல்களை விசிறி போல விரித்துக் கம்பிகளை அடிப்பது) அது ஏதோ மிக்சி ஓடுவதாக நினைத்து விழுங்கிவிடுகிறது. இசைக்கென்று அசல் ஒலியை அனுப்பும் அமைப்பு உள்ளே இருக்கிறது, அதைப் போட்டுக்கொள்ளுங்கள். ஆசிரியரோடு சேர்ந்து வாசிக்க முயலவே வேண்டாம். ஒலி போய்த் திரும்பும் சின்னத் தாமதம் தாளத்தைக் கொன்றுவிடும். ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்பது, பிறகு மாற்றிக்கொள்வது. குருகுலத்தில் நடந்ததும் கிட்டத்தட்ட இதுதானே.

வலக்கை

மூன்றாவது வாரம் கிட்டாரை எடுக்கலாம். வரிசை முக்கியம்.

முதலில் புல்கார், அதாவது கட்டைவிரல். மணிக்கட்டை லேசாக வளைத்து, கட்டைவிரலை அதன் அடி மூட்டிலிருந்து இறக்கிக் கம்பியைத் தள்ளுங்கள். தள்ளிய விரல் அடுத்த கம்பியில் போய்ச் சாய்ந்து நிற்க வேண்டும். கிள்ளக்கூடாது. விரலின் கனமே கம்பியில் இறங்க வேண்டும். சுத்தியல் அடிப்பவன் கையைப் பார்த்திருப்பீர்கள், பலம் சுத்தியலில் இருக்கும், அவன் தோள் சும்மா இருக்கும். அந்த மாதிரி.

அடுத்தது ரஸ்கெயாதோ, அந்த விசிறிச் சத்தம். கட்டைவிரலை ஆறாவது கம்பியில் நங்கூரமாக வையுங்கள். சுண்டுவிரல், மோதிரம், நடு, ஆள்காட்டி என்று நான்கையும் உள்ளங்கைக்குள் மடக்கி, ஒவ்வொன்றாக வெளியே சுண்டி விடுங்கள். கேரம் காயைச் சுண்டும் அதே அசைவு. நான்கு விரலுக்கும் நான்கு சம ஓசை. ஒன்று பெரிது ஒன்று சிறிது என்றால் குதிரை நொண்டுகிறது என்று அர்த்தம், அப்படி நொண்டுவது எப்போதும் மோதிர விரல்தான். முதல் மாதம் கம்பியில் வேண்டாம், ஒரு தலையணை மேல் செய்யுங்கள். நான் அவசரப்பட்டு வேகத்தைக் கூட்டி, முன்கை தசை வீங்கி பத்து நாள் கிட்டார் தொடாமல் இருந்தேன். வலித்தால் நிறுத்துங்கள். வலியோடு சாதகம் செய்வது பெருமை என்று நம் ஊரில் சொல்வதைக் கேட்காதீர்கள்.

பிகாதோ என்பது ஆள்காட்டியும் நடுவிரலும் மாறி மாறி நடந்து ஸ்வரங்களை வாசிப்பது. தினமும் பத்து நிமிஷம், மெதுவாக. அல்சாபுவாவில் கட்டைவிரல் கீழும் மேலும் போய்வரும், அதை மூன்று மாதத்துக்குப் பிறகு எடுக்கலாம். ட்ரெமொலோ ஒரு வருஷம் கழித்துப் போதும். கிளாசிக்கலில் அது நான்கு ஸ்வரம், ஃபிளமெங்கோவில் ஐந்து. நமக்குக் கண்ட நடை என்றால் புரியும்.

நகம் வலக்கையில் மட்டும், விரல் நுனிக்கு ஓரிரு மில்லிமீட்டர் மேலே. நயமான உப்புத்தாளால் ஓரத்தை மெருகேற்றுங்கள். பிளந்தால் டிஷ்யூ காகிதத் துணுக்கை வைத்துச் சூப்பர் குளூ தடவுவது ஸ்பெயினிலும் வழக்கம்தான்.

இடக்கைக்கு நான்கு பிடி, காதுக்கு ஒரு ராகம்

ஏ மைனர், ஜி, எஃப், ஈ. இந்த நான்கு கார்டும் இறங்கும் வரிசை தெரிந்தால் பாதி ஃபிளமெங்கோவுக்குத் துணை வாசிக்கலாம். சினிமாப் பாட்டு கேட்டுப் பழகிய காது ஏ மைனரை வீடாக நினைத்து அங்கே திரும்பத் துடிக்கும். இங்கே வீடு ஈ. எஃப்பிலிருந்து ஈக்கு அரை ஸ்வரம் சறுக்கி இறங்கும்போதுதான் ஊர் வந்து சேர்ந்த உணர்வு.

ஈயை ஷட்ஜமமாக வைத்துக்கொண்டால் இதன் ஸ்வரங்கள் தோடிக்கு அருகில் நிற்கும். அந்தர காந்தாரம் வரும்போது வகுளாபரணத்தின் சாயல் தெரியும். கமகம் வேறு, பிடிகள் வேறு, ராகம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் சுத்த ரிஷபத்தின் அந்த ஏக்கம் நமக்குப் புதிதில்லை. ஈயை மையமாக வைத்து வாசிப்பதை போர் அரிபா என்றும், ஏயை மையமாக வைத்து வாசிப்பதை போர் மெதியோ என்றும் சொல்வார்கள். பாடத்தில் இந்தப் பெயர்கள் அடிக்கடி விழும்.

எந்த வரிசையில் பாலோக்கள்

தாங்கோஸில் தொடங்குங்கள். நான்கு அடி, முதல் அடி பெரும்பாலும் காலில் மட்டும், 2, 3, 4 கையில். இரண்டு மாதம் அதிலேயே இருங்கள். பிறகு சொலெயா. மெதுவானது, பெரியது, ஒவ்வொரு அடியிலும் யோசிக்க இடம் இருக்கும். சொலெயாவை 1இல் தொடங்கி எண்ணுவார்கள், புலெரியாஸை 12இல். புலெரியாஸ் நிமிஷத்துக்கு 200 அடியைத் தாண்டும், அதை முதல் வருஷத்தில் கையால் தட்டுங்கள், வாசிக்காதீர்கள். ரும்பா எளிது, விருந்தில் கைதட்டல் வாங்கித் தரும். அதனாலேயே அதில் தொடங்கியவர்கள் பலர் அங்கேயே குடியிருந்துவிடுகிறார்கள்.

ஒரு பாலோவுக்கு மூன்று சாமான் போதும்: கார்டில் ஓடும் ஒரு கொம்பாஸ், ஒரு ஃபால்செதா (தனி மெட்டுத் துண்டு), 10இல் முடிக்கும் ஒரு முத்தாய்ப்பு. முழு உருப்படியை மனப்பாடம் செய்தவர் பாதியில் தடுமாறினால் நின்றுவிடுவார். இந்த மூன்றும் கையில் இருப்பவர் கொம்பாஸுக்குத் திரும்பி ஓடிக்கொண்டே இருப்பார்.

தினமும் பாட்டும் கேளுங்கள். பாடகர் கமரோன் தெ லா இஸ்லாவும் பாகோ தெ லூசியாவும் 1969 முதல் 1977 வரை சேர்ந்து பதிவு செய்தவை ஒரு பல்கலைக்கழகம். பாடகர் மூச்சு எடுக்கும் இடத்தில் கிட்டார் எப்படி நுழைகிறது, அவர் வாய் திறந்ததும் எப்படி ஒதுங்குகிறது என்று மட்டும் கவனியுங்கள். பக்கவாத்தியத்தின் இலக்கணம் தெரிந்தவர்களுக்கு இது சொல்லாமலே புரியும்.

உங்களையே பதிவு செய்யுங்கள்

வாரம் ஒரு நாள், ஒரு நிமிஷம், மெட்ரோனோம் சத்தம் கேட்கும்படி. அன்றே பார்க்காதீர்கள், கை செய்ய நினைத்ததைத்தான் காது கேட்கும். மறுநாள் பாருங்கள். ஆசிரியருக்கு அனுப்பும்போது "எப்படி இருக்கிறது" என்று கேட்காமல், "8க்கும் 10க்கும் நடுவில் ஏன் ஓடுகிறேன்" என்று கேளுங்கள். கேள்வி குறிப்பாக இருந்தால் பதிலும் அப்படியே வரும்.

மனிதர்களைத் தேடுவது

திரையோடு மட்டும் இருந்தால் ஒரு கட்டத்தில் வளர்ச்சி நின்றுவிடும். எனக்குக் கிடைத்த முதல் துணை அடுத்த வீட்டு அங்கிள். எழுபதைத் தாண்டியவர், தைப்பூசக் காவடிக்கு இன்றும் மேளம் தூக்குபவர். ஒரு சனிக்கிழமை வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "தம்பி, வாட் யூ காலிங் தட் பீட்?" என்றார். தகிட தகிட தக தக தக என்றேன். குப்பைத் தொட்டி மூடியில் இரண்டு முறை மெதுவாகத் தட்டிப் பார்த்தார். மூன்றாவது சுற்றில் 10இல் நறுக்கென்று நிறுத்தினார். நான் சொல்லித் தரவே இல்லை. எனக்கு அது ஒரு மாதம் எடுத்த இடம். இப்போது சனிக்கிழமைதோறும் வருகிறார், பன்னி சௌ (ரொட்டியைக் குடைந்து கறி ஊற்றித் தரும் டர்பன் சாப்பாடு) என் செலவு.

ஜூலு நண்பர்கள் இருந்தால் அவர்களுடைய நாட்டுப்புற இசையான மஸ்கந்தியின் கிட்டாரையும் கேளுங்கள். பாட்டுக்கு முன்னால் கம்பி முழுக்க விரலை ஓட்டி இஸிஹ்லாபோ என்றொரு முன்னுரை வாசிப்பார்கள். ஃபிளமெங்கோவுக்கும் அதற்கும் உறவில்லை. ஆனால் கட்டைவிரலை எப்படி நம்புவது என்பதை அவர்களிடம் கற்கலாம்.

கடைசிப் படி ஆட்ட வகுப்பு. ஸ்பானிஷ் நடனத் தேர்வுகளை நடத்தும் ஸ்பானிஷ் டான்ஸ் சொசைட்டி 1965இல் தொடங்கியது தென்னாப்பிரிக்காவில்தான். பெரிய நகரங்களில் ஸ்பானிஷ் நடனம் கற்றுத்தரும் இடங்களைத் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் பதிவிசையில்தான் வகுப்பு ஓடும், கிட்டாரோடு ஒருவர் வந்தால் ஆசிரியைக்குச் சந்தோஷம்தான். தாங்கோஸும் சொலெயாவும் நிற்காமல் ஐந்து நிமிஷம் ஓட்ட முடிந்த அன்று போய்க் கேளுங்கள். முதல் நாள் ஃபால்செதா எதுவும் வேண்டாம், கொம்பாஸ் மட்டும். ஆடுபவர் பாதத்தால் ஓங்கி அறைந்து அழைப்பு விடுவார், அதற்கு யமாதா என்று பெயர். அது 10இல் முடியும்போது உங்கள் கையும் அங்கே முடிய வேண்டும். அதனால் கிட்டார் கழுத்தைப் பார்க்காமல் அவர் காலைப் பாருங்கள்.